இருபத்தைந்து விநாடி

சௌந்தரத்தின் இடது மார்பில் வந்த புற்றுக்குக் கதிர் வைக்குமுன் இரண்டு ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்று சாதாரணமாக, மற்றது மூச்சை இழுத்துப் பிடித்தபடி. டெக்னீஷியன் இரண்டையும் அவள் கணவர் வையாபுரிக்குத் திரையில் காட்டினான்.

"பாருங்க சார், மூச்சைப் பிடிச்சா இதயம் எப்படி விலகிப் போகுது. கதிர் அதுமேல படாது."

முப்பது வருஷமாகத் தன் பேச்சுக்குக் காது கொடுக்காதவள். இவன் மைக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவள் இதயமே இரண்டு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. வையாபுரிக்கு வயிறு எரிந்தது.

இருபத்தைந்து விநாடி மூச்சைப் பிடிக்க வீட்டில் பழகச் சொல்லியிருந்தார்கள். கட்டிலில் படுத்து, அவர் சொல்லச் சொல்லப் பிடித்துப் பார்த்தாள். பத்து விநாடிகூடத் தாங்கவில்லை.

"அந்தத் தம்பி சொன்னா மூச்சு தானா நிக்குதுங்க. நீங்க சொன்னா சிரிப்பு வருது."

மறுநாள் காலை அவள் கட்டிலில் படுத்ததும், அவர் படுக்கையறைக்கு வெளியே நின்றுகொண்டு, அவனைப் போலவே குரலைத் தாழ்த்தி, "இழுங்கம்மா... அப்படியே பிடிங்க" என்றார்.

கதவிடுக்கில் பார்த்தார். கண்ணை மூடி, மார்பு நிமிர்ந்து, அசையாமல் கிடந்தாள். இருபத்தைந்து விநாடி கடந்தது. 'விடுங்க' என்ற சொல்லுக்காக அந்த முகம் அவ்வளவு பணிவாகக் காத்திருந்தது.

வையாபுரி வாயைத் திறக்கவில்லை.