பொக்லைன் வாளிக்குள் ஒரு கூடு

"உனக்கு வாய் சாப்பிட மட்டும்தானா?" என்று பொக்லைன் ஓட்டும் அண்ணன் ஒருநாள், அதிகம் பேசாத என்னைக் கேட்டார். இன்று காலை வெயிலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார். தோண்ட அனுமதி கிடைக்க மூன்று வாரக் காத்திருப்பு அவருக்கு. நானும், பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கும் என் சித்தியும் புதர் புதராகத் தேடிவிட்டோம். பறவைக் கூடு எதுவும் இல்லை, தோண்டலாம் என்ற தாளில் சித்தி கையெழுத்துப் போடப் போகிறாள். அப்போது பொக்லைனின் வாளிக்குள்ளிருந்தே ஒரு வாலாட்டிக் குருவி பறக்கிறது. நான் விரலை நீட்டுகிறேன். காய்ந்த மண்மேல் புல்லால் ஒரு கிண்ணம், அதில் புள்ளி போட்ட நான்கு முட்டைகள். "காடெல்லாம் தேடினோம், உன் வண்டிக்குள்ள பாக்கலியேடா!" சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "குஞ்சு பறக்கிற வரைக்கும் வண்டி அசையக் கூடாது." "எத்தனை நாள்க்கா?" "ஒரு மாசம்." அவர் தலையைச் சொறிகிறார், முட்டைகளை எட்டிப் பார்க்கிறார். பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், கால்விரல் நுனியில் மெல்ல நடந்து போகிறார்.