கல் வைக்காத இடம்

"கபர்ஸ்தான்னு சொல்றீங்க. ஒரு கல்லைக்கூடக் காணோமே?" டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார் நில அளவை அதிகாரி.

தையல்காரருக்கு வியர்த்தது. "எங்க ஜமாத்துல கபருக்குக் கல் வைக்கிற வழக்கம் இல்லீங்க சார். பணக்காரனும் ஏழையும் மண்ணோட மண்ணு. ஏழு தலைமுறையா அப்படித்தான்."

"அதை இந்தப் புல்லு வந்து சொல்லுமா?"

ஊரில் அந்த ஜமாத்தில் மிஞ்சியிருப்பதே பத்துப் பன்னிரண்டு குடும்பம். அவர்கள் வந்த கதை, வாழ்ந்த கதை எல்லாம் அந்த மண்ணுக்குள்தான். அதன் மேல் பஸ் ஸ்டாண்டு கட்டப் போகிறார்கள். தையல்காரரின் வாப்பா அடக்கமானது அங்கேதான். மூன்று வயதில் போன மகளும் அங்கேதான்.

மச்சினன் காதைக் கடித்தான். "நாலு கல்லை நட்டு வைப்போம்னு அப்பவே சொன்னேன். கேட்டீங்களா மச்சான்?"

"கல்லே வேணாம்னு போனவங்க தலைமாட்டுல பொய்க்கல்லை நடறதா? போடா!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, கண் அதிகாரியின் டேப்பை விட்டு நகரவில்லை.

"உங்க ஆளுங்க சொன்னா செல்லாது" என்றார் அதிகாரி. " வெளியாள் ஒருத்தர் சொன்னா எழுதிக்கறேன். பக்கத்துல யாரு?"

பக்கத்தில் லாரிக்காரர். போச்சுடா என்றிருந்தது தையல்காரருக்கு. வாசலை அடைத்து லாரியை நிறுத்துகிறார் என்று நேற்றுகூட அந்த மனுஷனோடு வாய்ச்சண்டை. பஸ் ஸ்டாண்டு வந்தால் அவருக்குத்தான் யோகம்.

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் லாரிக்காரர். தையல்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

"இங்கே என்ன இருக்கு?" என்றார் அதிகாரி.

"பார்த்தா தெரியலையா சார்? புல்லுதான் இருக்கு."

தையல்காரருக்கு உயிரே போய்விட்டது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "காலி இடம்தானே? அப்புறம் எதுக்கு லாரியை ரோட்டுல போட்டுப் போலீஸ்ல திட்டு வாங்கறீங்க? உள்ளே நிறுத்த வேண்டியதுதானே?"

"என்ன பேச்சு சார் பேசறீங்க?" எகிறினார் லாரிக்காரர். "மாட்டுவண்டி ஓட்டின எங்க தாத்தாவே வண்டியை ரோட்டுலதான் அவிழ்ப்பாரு. இவரோட அப்பாவையும் அந்தப் பச்சைப் புள்ளையையும் இங்கே தூக்கிட்டு வந்தப்ப கூடவே வந்தவன் நான். மனுஷங்க படுத்திருக்கிற இடத்துல எவனாவது வண்டியை ஏத்துவானா?"