பக்கத்தில் நிற்பவன்

கபடியில் எதிராளி பாடி வரும்போது பக்கத்தில் நிற்பவனின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொன்ராசும் ஜெரோமும் அப்படித்தான், ஊரே பார்க்க, விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். களத்தைவிட்டு இறங்கியதும், ஊர் வாய்க்குப் பயந்து, ஆளுக்கொரு பக்கமாக நடந்து போனார்கள்.

பெரிய லீக்கில் பொன்ராசுக்கு இடம் கிடைத்தது. அணி மேலாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்த ஜெரோம் விஷயம் காதுக்கு வந்துச்சு தம்பி. ஆடணும்னா அவன விட்டுடு."

பொன்ராசு கையெழுத்துப் போட்டான். பேருந்து நிலையத்தில் ஜெரோம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அங்க உன் பக்கத்துல எவம்ல நிப்பான்?"

நின்றவன் ஹரியானாக்காரன். முதல் பயிற்சியிலேயே, கோத்துக்கொண்ட பொன்ராசின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, தன் மணிக்கட்டின்மேல் வைத்தான். கோபமெல்லாம் இல்லை. அங்கே அப்படித்தான் பிடிப்பார்கள்.

முதல் ஆட்டத்தில் வென்றார்கள். ஓட்டல் அறையில் தனியாகப் படுத்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"டிவில பாத்தேன்ல," என்றது ஜெரோமின் குரல். "மணிக்கட்டப் பிடிக்கப் படிச்சிட்ட."

"இங்க அப்படித்தான் பிடிக்கணும்."



"உன் எடத்துக்கு ஒருத்தன் வந்திருக்கான். நல்லாத்தான் ஆடுதான்," என்றான் ஜெரோம். "நான்தான் கையே குடுக்க மாட்டேங்கேன்னு கோச் தெனமும் திட்டுதாரு."