பன்னிரண்டு போத்தல் வாவித் தண்ணீர்

"வாவியில பிளாஸ்டிக் துகளே இல்லையாம்!" வாவித் தண்ணீர் ஆய்வின் முடிவு வந்த பத்திரிகையை வசந்தாதேவி கணவன் கோணாமலையிடம் நீட்டினாள். கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்த மாங்கேணி மீனவர்கள் அந்த ஆய்வைத்தான் நம்பியிருந்தார்கள்.

"நம்மட வலையில மீனை விடப் பைதான் கூட வருது. ஆய்வு செஞ்சவங்களுக்குக் கண் இல்லையா?" என்றாள்.

"முதலைக்குப் பயந்து அவங்க தோணியில ஏறவே இல்லகா," என்றான் கோணாமலை. "போத்தலைத் தந்தாங்க. பன்னிரண்டு இடத்தில நான்தான் நிரப்பிக் குடுத்தன்."

"வாவித் தண்ணிதானே?"

"பின்ன? சொன்ன இடத்திலதான் அள்ளினன். ஒரே குப்பை. படிச்ச மனுசருக்கு அதை அப்பிடியே குடுக்க ஏலுமா?"

"என்ன செஞ்சீங்க?"

"உன்ட சீலையை நாலா மடிச்சு, வடிச்சுக் குடுத்தன். பயப்படாத, தோய்ச்ச சீலைதான்."