வெங்காயத்தாள் அடி

தைவானின் தைனான் நகரச் சந்தையில், தகரக் கூரை இடுக்கில் வழியும் வெயில், காய்கறிக்காரி போ-இங்கின் விரல்நுனியில் விழுகிறது. மண் போகக் கழுவித் துடைத்த விரல். அதில் ஊசி குத்தி, துளிர்க்கும் ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் தொடுகிறாள். பக்கத்து வண்டியில் சோயாபால் காய்ச்சும் சு-ச்சென், தூக்கிய அகப்பையோடு அப்படியே நிற்கிறாள். போன மாதம்வரை இந்த அக்கா காலையில் குடித்தது, அரிசியும் வறுத்த நிலக்கடலையும் அரைத்துக் காய்ச்சிய இனிப்புப் பால். “மாட்டுப்பால் இல்லையே, என்ன செஞ்சிடும்?” என்று இரண்டு கோப்பை குடிப்பாள். சர்க்கரை முந்நூறைத் தொட்டது. அன்றிலிருந்து இனிப்பில்லாத சோயாபாலில் வினிகர் விட்டு, உலர்ந்த இறாலும் வெங்காயத்தாளும் தூவி, தொட்டுக்கொள்ளப் பொரித்த ரொட்டிகூட இல்லாமல் குடிக்கிறாள். முகம் கோணும், ஆனால் கோப்பையில் சொட்டு மிஞ்சாது. பார்க்கப் பார்க்க சு-ச்சென்னுக்கு மலைப்பு. கருவி சிணுங்குகிறது.

“எவ்ளோக்கா?”

“நூத்தி முப்பத்தெட்டு. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு.”

எதிர்க்கடை மீன்காரர் கத்தியால் பலகையைத் தட்டி ஆரவாரிக்கிறார். “இதுக்கு இன்னொரு கோப்பை நான் தர்றேன்!” என்று சு-ச்சென் ஆவி பறக்கப் பாலை ஊற்றுகிறாள். சந்தோஷத்தில் அவள் கை தன்பாட்டுக்குச் சர்க்கரை டப்பாவுக்குப் போகிறது. மணிக்கட்டில் சுளீரென்று விழுகிறது ஒரு கட்டு வெங்காயத்தாள்.

“அடிப்பாவி, என் நாக்கே அடங்கிடுச்சு. உன் கை அடங்காதா?”