நோயில்லாதவர் வரிசையில் ஒருத்தி

"இதை நீங்களே படிச்சுப் பார்த்துத்தான் எழுதினீங்களாம்மா?"

டாக்டர் பானுப்ரியா கேள்வித்தாளை மேசைமேல் திருப்பி வைத்தார். ஜெசிந்தா தன் கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அவள் நோயாளி இல்லை. கணவர் தனராஜுக்குத் துணையாக வந்தவள்.

மூன்று வருடங்களுக்கு முன் தனராஜின் வள்ளம் கடலில் கவிழ்ந்தது. பதினோரு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரை வேறு வள்ளக்காரர்கள் கரை சேர்த்தார்கள். அதன்பிறகு அவர் தொழிலுக்குப் போகவில்லை. தூக்கத்தில் அலறுவார். குளிக்கும்போது தலையில் தண்ணீர் விழுந்தாலே உடம்பு உதறும்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பெரிய அதிர்ச்சியைக் கண்டவர்களின் மூளையும், மனச்சோர்வில் விழுந்தவர்களின் மூளையும் எப்படி வேறுபடுகின்றன என்று ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். தனராஜை முதல் பிரிவில் சேர்த்தார்கள்.

இரண்டையும் வைத்துப் பார்க்க, எந்த நோயும் இல்லாதவர்கள் சிலர் வேண்டியிருந்தது. அதில் ஒரு பெண் குறைந்தாள். போன வாரம் ஜெசிந்தாவைக் கேட்டார்கள். சரி என்றாள்.

கேள்வித்தாளை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

தூக்கம் கெடுகிறதா? இல்லை. அழுகை வருகிறதா? இல்லை. வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? இல்லை. பிள்ளைகள்? ஒரு மகன்.

பங்குச்சாமியாரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வரை, மூன்று வருடமாக எல்லோரும் அவளிடம் கேட்டது தனராஜைப் பற்றித்தான். அவளைப் பற்றி முதலில் கேட்டது அந்தத் தாள்.

அப்புறம் ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைத்துப் படங்கள் காட்டினார்கள். பயந்த முகங்கள். கோபமான முகங்கள். சிரிக்கிற பிள்ளைகளின் முகங்கள்.

பயந்த முகங்களைக் கண்டபோது தனராஜின் மூளையில் ஓர் இடம் தீயாகச் சிவந்திருந்தது. சிரிக்கிற பிள்ளைகளைக் கண்டபோது ஜெசிந்தாவின் மூளையில் ஒன்றும் அசையவில்லை. மிஷினில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

"ஒரு படத்தை வச்சு நோய்னு சொல்லிட முடியாது. அதான் நேர்ல கேக்கலாம்னு கூப்பிட்டேன்" என்றார் பானுப்ரியா. "பையன் என்ன பண்றான்?"

ஜெசிந்தா மேசைமேல் இருந்த தனராஜின் ஃபைலைக் காட்டினாள்.

"வள்ளத்துல அவுக கூடப் போனது யாருன்னு அதுல எழுதியிருக்கு, டாக்டரம்மா?"

பானுப்ரியா பக்கத்தைப் புரட்டினார். தனராஜ் சொன்னது சொன்னபடியே இருந்தது. 'கூட வந்த பையன் கை நழுவிப் போனதை நேரில் பார்த்தார். உடல் கிடைக்கவில்லை.'

"அவுக அப்படித்தான் சொல்லுவாவ. மவன்னு சொன்னா அவுகளுக்கு மூச்சடைச்சிரும்."

பேனாவை மூடிவிட்டு, பானுப்ரியா அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாயால் கேட்டார். இந்த முறை ஜெசிந்தா எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆராய்ச்சியில் நோயில்லாதவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார்கள். மாத்திரைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பதினைந்து நாள் கழித்து அவளை வரச் சொன்னார்கள். அவளுக்கென்று தனியாக.

வெளியே தனராஜ் சுவரோரமாக நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"ஏளா, ஒன்னய எதுக்குக் கூப்பிட்டாவ? ஒனக்கும் ஏதும் இருக்காமா?"

அவர் விரல்கள் அவள் சேலை முந்தானையைப் பிடித்திருந்தன.

"எனக்கு ஒண்ணுமில்லியாம்."

தனராஜ் நெஞ்சு இறங்க மூச்சு விட்டார். மூன்று வருடத்தில் அவர் முகம் அப்படித் தெளிந்து அவள் பார்த்ததில்லை.

"நல்லதாப் போச்சு. வீட்டுல ஒரு ஆளாவது திடமா இருக்கணும்லா."

மருந்து கொடுக்கும் ஜன்னலில் கூட்டம் குறைவாகத்தான் இருந்தது. அவளுடைய முறை வந்தபோது, ஜெசிந்தா அவருடைய சீட்டை மட்டும் உள்ளே நீட்டினாள்.