ஆறாவது குண்டூசி

டப்பா மூடியில் ஐந்து குண்டூசிகள்தான் இருக்கின்றன. துணி நகராமலிருக்கக் குத்தியது ஆறு. தையற்காரி மறுபடி எண்ணுகிறாள். ஐந்துதான். விடுமுறைக்கு அப்பா வீட்டுக்குப் புறப்பட்டு நிற்கும் அவள் பிள்ளைகள், அங்கே சித்திக்குப் பிறந்திருக்கும் பாப்பாவுக்காக மூன்று நாளாகச் செய்த குட்டித் தலையணை மேசைமேல் கிடக்கிறது. மகன் பஞ்சடைத்தான். மகள் கையால் தைத்தாள். கோணலென்றால் அப்படியொரு கோணல். கடைசி முடிச்சு இப்போதுதான் விழுந்தது. வாசலில் காரின் ஹாரன் அடிக்கிறது. தையற்காரி கத்தரி நுனியைத் தையலுக்குள் நுழைக்கிறாள். “ஏம்மா பிரிக்கிற?” நூல் பட்பட்டென்று அறுகிறது. “உனக்கு அந்தப் பாப்பாவைப் புடிக்காது. அதான் பிரிக்கிற,” என்கிறாள் மகள். மகன் அசையாமல் நிற்கிறான். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் துகள் மிதக்கிறது. தாயின் விரல்கள் பஞ்சைப் பிடிபிடியாக எடுத்து நசுக்கித் தள்ளிவைக்கின்றன. மூன்றாம் பிடியில் சுருக்கென்கிறது. குண்டூசியை உருவி, தொழில் பழக்கத்தில் உதட்டில் கவ்விக்கொள்கிறாள். அதைப் பார்த்த மகள் தலையைக் குனிந்துகொள்கிறாள். மறுபடி ஹாரன், இந்த முறை நீளமாக. “அப்பாவை இருக்கச் சொல்லுடா,” என்று பல்லிடுக்கில் மகனிடம் சொல்லிவிட்டு, பஞ்சைத் திணித்து, மகள் போட்டிருந்த அதே கோணலில் தைத்து முடிக்கிறாள். ஆறாவதை மற்ற ஐந்தோடு போடுகிறாள். மகள் கை நீட்டுகிறாள். தாய் இன்னும் கொடுக்கவில்லை. தலையணையில் தன் கன்னத்தை வைத்து அழுத்துகிறாள். பிறகு திருப்பிப் போட்டு, மறு கன்னத்தை.